மாடியேறிய வெள்ளைக்குருவி

"இதுக்கெல்லாம் ஆணி அடிக்கலையா?" என்று கிட்டார் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் கேட்டாள். "கம்பெனிக்குப் பேர் இருக்கே, அது தாங்கும்" என்றார் கடைக்காரர். அந்தக் கடையில் எந்தக் கிட்டாரும் ஆணியிலோ கொக்கியிலோ தொங்கியதில்லை. தன்னைச் செய்த கம்பெனிக்கு ஊரில் எவ்வளவு மதிப்போ அந்த உயரத்தில் ஒவ்வொன்றும் அந்தரத்தில் நின்றது. விலை குறைந்த ப்ளைவுட் கிட்டார்கள் வருகிறவர்களின் முழங்காலில் இடித்தன. 'மூன்று கிரீடம்' என்ற பழைய கம்பெனியின் கிட்டார் கூரையை ஒட்டி நின்றது. அதன் கழுத்து வளைந்து வெகுகாலமாகிவிட்டது, சுருதி அரைப் பாட்டுக்குக்கூடத் தாங்காது. ஆனாலும் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, அந்தக் காலத்து மரம், அதன் நாதமே தனி என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். அதை வாசித்துக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அவள் கிட்டார் ரிப்பேர் செய்கிறவள். கடைக்காரர் நாற்பதைத் தாண்டியவர், கடைக்கு மேலேயே தனியாகக் குடியிருந்தார். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தார். தினமும் ஷட்டரை இறக்கும்போது தொண்டையைச் செருமி ஆரம்பிப்பார், மழை வரும்போலிருக்கிறது என்று முடிப்பார். கொளுத்தும் வெயில் காலத்திலும் அதையே சொன்னதால், பாவம் என்று அவளும் குடையோடு வரத் தொடங்கினாள். "டேய், அந்தப் பொண்ணைக் குடை தூக்க வச்சே கிழவியாக்கிடுவடா" என்றாள் அவருடைய அக்கா.

மதிய இடைவேளையில் அவள் கடையிலேயே மலிவான 'வெள்ளைக்குருவி' கம்பெனிக் கிட்டாரை எடுத்து வாசிப்பாள். அதன் கம்பிகளைத் தாழ்த்தி, கழுத்திலுள்ள மெட்டுக்கட்டைகளை அரத்தால் ராவித் தன் விரலுக்குப் பழக்கியிருந்தாள். அது முடியும்வரை கடைக்காரருக்குச் சாப்பாடு முடியாது. அந்த ஒரு குருவியை யாரும் வாங்காததில் இருவருக்குமே ரகசியத் திருப்தி. வேறெங்கும்கூட யாரும் வாங்காததால் குருவிக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். வந்தது வினை. அந்தக் காலத்துக் குருவிபோல் இனி வராது என்று ஊர் பேச ஆரம்பித்தது. அந்தக் காலம் என்பது போன வருஷம். குருவி இடுப்புக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது. அவள் ஸ்டூலில் நின்று வாசித்தாள், பிறகு மேஜைமேல் நின்று வாசித்தாள், அப்புறம் எட்டவில்லை. மதிய நேரம் ஊமையாகிப்போனது.

கடைக்காரர் மேஜையிலிருந்து எம்பிப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது இறங்கவில்லை, இவர் கால்தான் மேஜையில் பாவவில்லை. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், முதலாளியே விடாமல் தொங்குகிறார் என்றால் சும்மாவா என்றார்கள். அது இன்னும் ஒரு சாண் ஏறியது. மதிப்பைக் குறைத்தால் இறங்கும் என்று கணக்குப் போட்டு, வருகிறவரிடமெல்லாம் அது வெறும் ப்ளைவுட், பசை நாற்றம், தகர டப்பா என்று திட்டித் தீர்த்தார். விற்க மனசில்லாமல் மட்டம் தட்டுகிறார் என்று ஊர் புரிந்துகொண்டது. அவளோ வேறு மாதிரி புரிந்துகொண்டாள். "அப்ப இத்தனை நாளா தகர டப்பாவைத்தான் தட்டிட்டிருந்தேனா?" என்று கேட்டுவிட்டு, மாதக் கடைசியோடு எதிர்க்கடையில் சேர்வதாகச் சொன்னாள். கடைக்காரர் தொண்டையைச் செருமி, மழை வரும்போலிருக்கிறது என்றார்.

அவள் அரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த கடைசி நாளில், குருவி மூன்று கிரீடத்தைத் தாண்டி, மாடிப்படி வழியாக மேலே போய்விட்டது. கம்பி வாங்க வந்தவர் அது போவதைப் பார்த்து, இனி மாடியில்தான் விலை கேட்க வேண்டுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். இருவரும் மேலே ஓடினார்கள். ஊர் தந்த உயரம் அந்த வீட்டில் சரியாக மடி உயரமாக இருந்தது. ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால் குருவி அசையாமல் நின்றது. அவள் உட்கார்ந்து, கோபத்தை மறந்து வாசித்தாள்.

"இது இனி கீழ வராது," என்றாள் முடித்ததும். "எதிர்க்கடையிலிருந்து தினம் இங்க வந்தா பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?"

"உங்க கைக்கு எட்டட்டும்னுதான் அதைத் திட்டினேன்" என்றார் கடைக்காரர். தொண்டையைச் செருமவில்லை. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கேயே இருந்துடறீங்களா?"