எண்பத்திரண்டு வோல்ட்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் பழைய முள் மீட்டரைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாமே என்றார். மின்சாரம் இருந்தால் முள் நகர்ந்து காட்டுமே, அந்தப் பெட்டிதான். அதற்காக வாதாடத்தான் எழுத உட்கார்ந்தேன். கதை நடுவில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

2

'1986. குற்றாலத்தில் சாரல் மெல்ல…'

[அடித்துவிட்டேன். சாரல் இல்லாமல் குற்றாலத்தைத் தொடங்க நமக்கு வராதா?]

'வயர்மேன் குத்தாலிங்கம் பொய்யே சொல்லாதவர்.'

[இதுவும் வேண்டாம். அப்படி யார் இருக்கிறார்கள்? சம்சாரத்திடம் சொல்வார். கம்பி விஷயத்தில் சொல்லமாட்டார்.]

3

நடந்தது இதுதான். வீரபாகுவின் லாட்ஜில், குளியலறைக்குப் போகும் ஒரு பழைய கம்பியின் இணைப்பைக் கழற்றிவிட்டதாகக் குத்தாலிங்கம் சொல்லியிருந்தார். வீரபாகுவின் மருமகன், துபாயிலிருந்து கொண்டுவந்த, எண் காட்டும் புது மீட்டரை அதில் வைத்துப் பார்த்தான். எண்பத்திரண்டு வோல்ட்.

சீசன் நேரம். குளிக்க வந்தவர் யாராவது தொட்டிருந்தால்? பதினோரு வருடம் வேலை பார்த்தவரைப் பொய்யன் என்று சொல்லி, அன்றே வெளியே போகச் சொன்னார் வீரபாகு. குத்தாலிங்கத்துக்கு வேலை போனதைவிட அந்தச் சொல்தான் வலித்தது.

4

அவர் தென்காசிக்குப் போய், ரேடியோ பழுது பார்க்கும் சங்கரம்மாளை முள் மீட்டரோடு அழைத்துவந்தார். (முதல் வரைவில் இவரை ஆணாக எழுதியிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது.) அதே கம்பியில் வைத்தார். முள் அசையவில்லை.

புது மீட்டரும் பொய் சொல்லவில்லை என்று வீரபாகுவிடம் சொன்னார் சங்கரம்மாள். கூடவே போகும் வேறு கம்பியிலிருந்து தொற்றும் இம்மியைக்கூட அது எண்ணிக் காட்டிவிடும். முள்ளைத் தள்ளவோ நிஜ மின்சாரம் வேண்டும்.

"பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சா நம்ம வீட்டுலயும் மணக்கும் அண்ணாச்சி. நம்ம சட்டியில தேடினா கிடைக்குமா?"

5

முடிவு அ: வீரபாகு மன்னிப்புக் கேட்கிறார். [அவரைப் படைத்த நானே நம்பவில்லை.]

முடிவு ஆ: குத்தாலிங்கம் கோபித்துக்கொண்டு சுரண்டைக்குப் போய்விடு… [மனசு வரவில்லை.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்த வீரபாகு, செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் இறங்கினார்.

"ஏலே குத்தாலிங்கம், கழத்திட்டியாலே?"

"கழத்திட்டேன் அண்ணாச்சி."

வீரபாகு வெறுங்கையால் கம்பியைப் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் குத்தாலிங்கம் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

வீரபாகு நம்பியது முள்ளையா, ஆளையா? முள்ளைத்தான் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் பிடிக்கும்போது அவர் பார்வை மீட்டர் பக்கமே போகவில்லை. கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.