குப்பையில் கிடந்த புள்ளி

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் 'பிடிவாதம்' என்றுதான் கூப்பிடுவார்கள். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் படங்களில், பிரபஞ்சம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே ஒளிவிடத் தொடங்கிய விண்மீன் திரள்களைத் தேடுவது அவள் வேலை.

வானத்தின் ஒரே இடத்தை, ஒவ்வொரு நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் பல ஃபில்டர்களில் படம் எடுப்பார்கள். தூரம் கூடக் கூட ஒளி சிவந்துபோய், நீல ஃபில்டரில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திரள் மறைந்துகொண்டே வரும். எல்லாவற்றையும்விடத் தூரத்தில் இருப்பது கடைசிச் சிவப்பு ஃபில்டரில் மட்டும்தான் தெரியும். ஆனால் குழுத் தலைவர் மென்பொருளில் ஒரு விதி போட்டுவைத்திருந்தார்: ஒரே ஃபில்டரில் தெரிந்தால் அது கேமராவின் பழுது, குப்பைக்கு அனுப்பு. முன்பு ஒருமுறை பழுதைக் கண்டுபிடிப்பு என்று அறிவித்து ஊரே சிரித்த பயம் அவருக்கு. தேடுவதையே தூக்கிப் போடுகிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இவளுக்கு உறைத்தது. குப்பையைக் கிளறி ஒரு சிவப்புப் புள்ளியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

"பழுதும்மா இது," என்றார் தலைவர்.

"பழுதுன்னா கேமராவுல ஒரே இடத்துல நிக்கும் சார். தொலைநோக்கியைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தித்தானே எடுக்கிறோம்? இந்தப் புள்ளி நட்சத்திரங்களோட சேர்ந்து நகருது."

தலைவருக்கு முகம் சுருங்கியது. "சரி, நிறமாலை எடுத்துப் பார்த்தா தூரம் தெரிஞ்சிடும். உன் பேர்லயே தொலைநோக்கி நேரம் கேளு. பக்கத்துலதான் இருக்குன்னு வந்துச்சுன்னா, உன் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி என்கிட்ட வராதே."

"வரமாட்டேன் சார்."

வீட்டில் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கு வாய் சும்மா இருக்காதா? வேலை போனா என்னக்கா பண்ணுவே?"

"போனா போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, நிறமாலை வரும்வரை சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது என்பதற்காகப் புள்ளி நகரவில்லை என்று சொல்ல முடியுமா?

நிறமாலை வந்தது. புள்ளி அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. பக்கத்துத் திரள்தான், தூசி மூடிக்கிடந்ததால் அவ்வளவு சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் தலைவர், அடுத்த கூட்டத்தில்.

"பாதிதான் சார் முடிஞ்சுது. தூரம்னு நான் சொன்னது தப்பு. பழுதுன்னு நீங்க சொன்னதும் தப்பு. இது நிஜ கேலக்ஸி. ஒரு நிஜம் குப்பையில கிடந்திருக்குன்னா, இன்னும் எத்தனை கிடக்கோ? அந்த விதியை எடுத்துடுங்க."

தலைவர் மேசையையே பார்த்தார்.

"விதி இருக்கும். ஒப்பந்தம் பத்திச் சொன்னதுலயும் மாத்தம் இல்ல."

"நான் கேக்கவே இல்லையே சார்."

ஒப்பந்தம் முடிந்த அன்று சாயங்காலம் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துத் தங்கை, அதிசயமாகத் திட்டாமல், சாப்பாட்டு மேசையை ஒழித்துக் கொடுத்தாள். தொலைநோக்கியின் பழைய படங்கள் உலகத்துக்கே பொது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அக்காள் தன் கணினியில் இறக்கினாள், அந்த விதி இல்லாமல் தேட.

"இதுக்கு இப்ப யாருக்கா சம்பளம் தர்றா?"

"யாரும் இல்ல," என்றாள் பிடிவாதம், முதல் படத்தைத் திறந்தபடி. "நிறுத்தச் சொல்லவும் யாரும் இல்ல."