டீயோடு கொடுப்பது

பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுப்பதற்காக நர்ஸ் மாத்திரை அட்டையை அமுக்கினாள். தகட்டுத்தாள் படக்கென்று கிழிந்தது. காலையிலிருந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

மூடியதோடு நிற்கவில்லை. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு எதற்கோ காத்திருந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரியுமா? கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அதன் அம்மா அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

நர்ஸ் நகர்ந்து போய்விட்டாள். வரவேண்டியது வரவில்லை என்று தெரிந்ததும் பிள்ளை மறுபடியும் வீறிட்டது. பசி அழுகை இல்லை அது. கம்பிபோல மெலிந்து காதுக்குள் இறங்கும் அழுகை. கையும் காலும் வெடவெடத்தன. உதைத்து உதைத்துக் குதிகால் துணியில் உரசிச் சிவந்திருந்தது. மார்பில் போட்டால் வெறி பிடித்ததுபோல் சப்பும், இரண்டு வாய் இறங்குவதற்குள் கக்கிவிடும். தும்மும். கொட்டாவி விடும். அப்போதெல்லாம் அவளுக்கும் கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது, போர்வைக்குள்ளும் உடம்பு நடுங்கியது.

"என்னம்மா, ஆத்தாளும் புள்ளையும் பேசி வச்சுக்கிட்டா வாயத் தொறக்கறீங்க?" என்று பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள், பிள்ளையைத் தோளில் போட்டு நடந்து நடந்து ஓய்ந்திருந்தாள். "எதையோ பாத்துப் பயந்திருக்கு. அந்த மூலையையே வெறிக்குது பாரு," என்றாள். மூலையில் ஒரு வாளியைத் தவிர ஒன்றுமில்லை.

டாக்டரம்மாவுக்கு வேறு பயம். மூளைக் காய்ச்சலாக இருந்துவிடக் கூடாது, முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சின்ன முதுகில் ஊசியா? அவள் விரலால் தடவிப் பார்த்தாள். எலும்புகள் மணி கோத்ததுபோல் இருந்தன.

மாசமாக இருந்தபோது, "ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று இதே டாக்டரம்மா கேட்டிருக்கிறார். இல்லை என்றாள். பொய் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. தையல் கூடத்தில் மேஸ்திரியம்மா மதிய டீயோடு ஆளுக்கொரு வெள்ளை மாத்திரை கொடுப்பாள். அங்கேயே பல வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார்தான் அவளைச் சேர்த்துவிட்டது. இடுப்பு வலி போய்விடும். மெஷின்களின் இரைச்சல் எங்கோ தூரத்துக்கு நகர்ந்துவிடும். அதை யாரும் மருந்து என்று சொன்னதில்லை. டீயோடு வருவதெல்லாம் டீதான்.

ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகள்தான் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு டீயும் இல்லை, மாத்திரையும் இல்லை. உள்ளே இருந்தது அடிவயிற்றை உதைத்துத் தள்ளும். "லீவு நாள்லதான் ஆட்டம் போடுது. அப்படியே என் தம்பி," என்று நாத்தனார் வயிற்றில் காது வைத்துச் சிரிப்பாள். பிறகு இவளே மேஸ்திரியம்மாவிடம் கேட்டு ஞாயிறுக்கும் சேர்த்து வாங்கி வர ஆரம்பித்தாள். அட்டையைக் கிழிப்பாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள். பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்கிறோம் என்றே நினைத்திருந்தாள்.

மிச்ச அட்டை இப்போதும் துணிப்பைக்குள் கிடந்தது. ஒன்றைப் போட்டுக்கொண்டால் பாலில் கொஞ்சமாவது இறங்கும். பிள்ளை தூங்கிவிடும். ஊசியும் வேண்டாம், யாருக்கும் தெரியவும் தெரியாது. சொன்னாலோ, பிள்ளையைத் தன் கையில் இனி தருவார்களா?

கை பைக்குள் போனது. விரல் பட்டு அட்டை மெல்ல நெறிந்தது.

அழுகை நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா!" என்று அவள் கத்திய கத்தலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார். திட்டவில்லை. "கடைசியா எப்ப போட்டீங்க?"

"வலி எடுத்த அன்னிக்கு. ஊசி வேணாம் டாக்டர். அது காய்ச்சல் இல்ல. அது... அதுக்கு இது வேணும்."

நாத்தனார் குறுக்கே விழுந்தாள். "என்னடி உளறுற? அது டீயோட குடுக்கறது டாக்டர். எல்லாருந்தான் போடறோம். யாருக்கு என்ன ஆச்சு?"

டாக்டரம்மா அவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாய் பக்கம் திரும்பி, "நல்லவேளை சொன்னீங்க. ரத்தத்த மட்டும் பாத்துக்கறேன். ஊசிய இப்போதைக்கு நிறுத்தி வைப்போம். இதே ஜாதி மருந்து சொட்டு சொட்டா குடுத்து, மெதுவா கொறைக்கணும். நீங்களும் ஒரேயடியா விடக்கூடாது, நான் சொல்றேன். புள்ள உங்க மார்லயே இருக்கட்டும்," என்றார்.

நர்ஸ் திரையை இழுத்து விளக்கைத் தணித்தாள். பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றி அவள் மார்பில் வைத்தார்கள். சின்ன பாட்டிலிலிருந்து மருந்து கன்னத்துக்குள் சொட்டாக இறங்கியது. வெடவெடப்பு முதலில் கைகளை விட்டது, அப்புறம் தாடையை. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அவள் அழுதாள்.

"அண்ணி, தூங்கிட்டான் பாருங்க."

அவள் நிமிர்ந்தாள். கட்டில் காலடியில் நின்ற நாத்தனாரின் பார்வை பிள்ளைமேல் இல்லை, நர்ஸ் கையில் இருந்த பாட்டிலின்மேல் இருந்தது. நர்ஸ் நகர நகர அந்தக் கண்களும் நகர்ந்தன. தூக்கத்தில் பிள்ளை உதட்டைச் சப்பியது. அதே நேரம், அவளுக்கே தெரியாமல், நாத்தனாரின் உதடுகளும் அசைந்தன.