அட்டையில் இருந்த தழும்பு

அன்று காலை ஏழு மணிக்கு அறையில் இருந்தவர்கள்: இரவு வேலை முடிந்து வந்த நான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டிருந்த பெயிண்டர். அவனுடைய அக்கா புருஷன், வெல்டர். ஊருக்கெல்லாம் சமைத்துவிட்டு அறையில் வெந்நீர்கூட வைக்காத குக். கட்டில் இரண்டு, ஆள் நாலு. பகலில் இரண்டு பேர், இரவில் இரண்டு பேர்.

எங்களில் ஆஸ்பத்திரி கார்டு இருந்தது பெயிண்டருக்கு மட்டும். அவன் கம்பெனி முறையாகப் பதிவு செய்திருந்தது. என் முதலாளியும் குக்கின் முதலாளியும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தடித்தார்கள். வெல்டருக்கு அந்தப் பேச்சே இல்லை. விசா முடிந்து மூன்று வருடம்.

அதனால் அந்த ஒரு கார்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. யாருக்கு முடியவில்லையோ அவர் எடுத்துப் போவார். பெயிண்டரின் பேரையும் பிறந்த தேதியையும் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொள்வார். போட்டோவில் இருந்தவனுக்கு மீசை, எங்களுக்கும் மீசை. கவுண்டரில் அதற்கு மேல் யாரும் பார்த்ததில்லை. குக் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கினார். நான் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். போன வருடம் வெல்டருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. பெயிண்டர் மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை. "கார்டு உனக்கு, வியாதி எங்களுக்கு" என்பார் குக்.

பெயிண்டரை நான்தான் கூட்டிப்போனேன். படிப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும் அந்த ஊர் பாஷை எனக்குக் கொஞ்சம் வரும். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, குடல்வால், மதியத்துக்குள் எடுக்க வேண்டும் என்றார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். போன வருடமே எடுத்தாயிற்று என்று அதில் இருந்தது. சட்டையைத் தூக்கினார். தழும்பு இல்லை. வாயைத் திறக்கச் சொன்னார். பல் எல்லாம் இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் கார்டை வாங்கி மேஜைக்குள் போட்டாள். யாரோ ஒருவருடைய கார்டைத் திருடி வந்திருக்கிறான் என்றாள். அது நான்தான், என் கார்டுதான் என்று பெயிண்டர் சத்தியம் செய்தான். அடுத்தவன் கார்டைக் கொண்டுவருகிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பொறுமையாகவே பதில் சொன்னாள். பாஸ்போர்ட் கம்பெனியில் பூட்டிக் கிடந்தது. கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை. டாக்டர் வலிக்கு ஊசி போட்டார். ஆள் யாரென்று தெரியாமல் ஆபரேஷனுக்கு அனுமதி வராது, வெடித்துவிட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அவனை அங்கேயே படுக்க வைத்துவிட்டு, அறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார் குக். கார்டு இல்லாமல் எவன் சேர்ப்பான் என்றேன். உண்மையைச் சொன்னால் எல்லோரும் மாட்டுவோம், என் மாத்திரைக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வெல்டர் எழுந்தார். குளித்தார். இஸ்திரி போட்ட ஒரே சட்டையை எடுத்து மாட்டினார். பெட்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

"புது சோப்பு ரெண்டு இருக்கு. காஞ்சுபோறதுக்குள்ள எடுத்துக்கோங்க."

ஆஸ்பத்திரியில் கவுண்டர் முன்னால் நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள். ஆபரேஷன் செய்துகொண்டது இவர், கார்டு அவனுடையது என்று நான் விளக்கினேன்.

சக்கரக் கட்டிலில் கிடந்த பெயிண்டர் முகத்தைத் திருப்பினான். "எதுக்கு மாமா வந்தீங்க? உங்களப் புடிச்சு அனுப்பிட்டா அக்காகிட்ட நான் என்ன சொல்றது?"

"நான் ஊருக்குத் திரும்பிப் போனா உங்க அக்கா ரெண்டு நாள் திட்டுவா. நீ திரும்பலேன்னா என்னை வாழ்நாள் பூரா திட்டுவா. எது தேவல, நீயே சொல்லு."

கட்டிலை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். அப்படியானால் சர்க்கரை யாருக்கு? பல் யாருடையது? வெல்டருக்குக் கேள்வியைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எல்லாம் நான்தான்னு சொல்லு."

சொன்னேன். வார்த்தை தடுமாறாமல் வந்தது. அவர் வாயைத் திறக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எழுதிக்கொண்டாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

காவலாளி வந்து வெல்டரை நடைபாதைக் கோடியில் இருந்த அறைக்குக் கூட்டிப்போனான். உள்ளே ஒரு நாற்காலி தெரிந்தது. வெல்டர் செருப்பை வாசலில் கழற்றப் போனார். காவலாளி வேண்டாம் என்று கையசைத்தான். அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினான்.