ஆறாவது கம்பி

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கூட ஒண்ணு’. கட்டடங்களின் எலும்புக்கூட்டைக் கணக்குப் போட்டு வரைந்து கொடுக்கும் அலுவலகம் அது. உத்தரத்துக்கு ஐந்து கம்பி போதும் என்று கணக்கு சொன்னால், இவள் ஆறு என்று எழுதுவாள். தளம் ஐந்து அங்குலம் போதும் என்றால் ஆறாக்குவாள். அது போதாதென்று படம் வரைகிறவர் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டுவார். மேஸ்திரி தன் மனத்திருப்திக்கு இன்னும் கொஞ்சம். கடைசியில், மேலே யானைக் கூட்டமே குடியேறினாலும் அசையாத கோட்டையாக ஒரு சின்ன வீடு எழுந்து நிற்கும்.

அலுவலகத்தில் அவளுக்குக் கூட்டாளி, அவளோடு ஒன்றாகப் படித்தவன். அவன் பட்டப்பெயர் கஞ்சன். சொந்தக் காசில் தாராளப் பேர்வழி. கஞ்சத்தனமெல்லாம் சிமெண்டிலும் கம்பியிலும்தான்.

“நீ கூட்டற ஒவ்வொரு அங்குலத்துக்கும் எங்கேயோ ஒரு சூளை எரியுது,” என்பான். “சுண்ணாம்புக் கல்லைச் சுட்டாத்தான் சிமெண்ட். அடுப்புல இருந்தும் புகை வருது, கல்லுக்குள்ள இருந்தும் வருது. நீ தளத்தைத் தடிப்பாக்கினா அதைச் சுமக்க உத்தரம் தடிக்கணும், உத்தரத்தைச் சுமக்கத் தூண் தடிக்கணும். அளவுக்கு மிஞ்சினா அமுதமே நஞ்சு. கான்கிரீட் எம்மாத்திரம்?”

“விழுந்தா நீ வந்து தாங்கிப் பிடிப்பியா?” என்பாள் அவள்.

உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணக்கை முடித்து ஐந்து என்று எழுதியதுமே மேசைக்கு அடியிலிருந்து சத்தம் வரும். டொக் டொக். சற்று நிறுத்தி, டொக். ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினால் அடங்கிவிடும். ஒருமுறை வீம்புக்கு எழுதாமல் விட்டுப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டில் கேட்டது, தலையணையில் கேட்டது. மறுநாள் அலுவலகத்துக்கு ஓடிப்போய் முதல் வேலையாக ஆறு என்று எழுதினாள்.

அது தம்பி கதவு தட்டும் விதம். சின்ன வயதில் அப்படித்தான் குளியலறைக் கதவைத் தட்டி அவளை அவசரப்படுத்துவான். வளர்ந்து கட்டட மேற்பார்வை வேலைக்குப் போன பிறகு, தூண்களை அப்படித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தபோது முகப்பு உத்தரமும் தளமும் சரிந்து அவன் மேல் விழுந்தன. அவள் வரைந்த கட்டடமல்ல அது. ஆனாலும், ஒரு கம்பி கூடுதலாக இருந்திருந்தால் பிழைத்திருப்பானே என்ற நினைப்பு அன்றைக்கு அவளைப் பிடித்தது. சூடு கண்ட பூனையானாள்.

வேலை பாதியில் நின்றுபோய், அந்த எலும்புக்கூடு வெயிலிலும் மழையிலும் அப்படியே கிடந்தது. அம்மா மட்டும் அதை மறக்கவில்லை.

“அதை இடிச்சிட்டாங்களாடி?”

“இல்லம்மா.”

“இடிச்சாத்தான் அவன் வெளிய வருவான். உள்ளயே மாட்டிக்கிட்டிருக்கான், பாவம்.”

“என் கைக்கு வந்தா நானே இடிக்கச் சொல்றேன்மா.”

வாய்க்கு வந்த ஆறுதலாகத்தான் சொல்லி வைத்தாள். ஆனால் அது உண்மையாகவே அவள் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு நர்சிங் கல்லூரி அந்த இடத்தை வாங்கியது. கஞ்சன் துள்ளிக்கொண்டு வந்தான்.

“உலகத்துலயே புகை கம்மியான சிமெண்ட் எது தெரியுமா? ஏற்கனவே ஊத்தி நிக்கறதுதான். அதோட புகை என்னைக்கோ போயாச்சு. இடிச்சோம்னா அதுவும் தண்டம், மறுபடியும் அத்தனை சூளை எரியணும். நிக்கற கூட்டை வச்சே கட்டலாமான்னு கேக்கறாங்க. நீ பார்த்துச் சொல்லு. நீயே நிக்கும்னு சொல்லிட்டா அதுக்கு மேல எவன் பேசுவான்?”

தம்பி விபத்தில் போனது அவனுக்குத் தெரியும். எந்த இடம் என்று தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இடி என்று எழுதிய என்ஜினீயரை யாரும் கோர்ட்டுக்கு இழுத்ததில்லை. பழசு, நனைந்தது, நம்ப முடியாது என்று நாலு வரி எழுதினால் போதும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறிவிடும்.

உச்சி வெயிலில், கான்கிரீட்டைச் சோதிக்கிறவரோடு அந்தக் கூட்டுக்குள் நுழைந்தாள். வெளியே பேருந்துகள் இரைந்தன. உள்ளே காலடிச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. சோதனைக்காரர் ஒரு தூணைக் குடைந்து, குழவி போல ஒரு துண்டை உருவி எடுத்து, அதன் மேல் மருந்துத் தண்ணீரைத் தெளித்தார். காற்றின் கரியமில வாயு புகுந்து கெட்ட இடம் நிறம் மாறாது. நல்ல கான்கிரீட் ரோஜா நிறத்தில் சிவக்கும். அந்தக் கெடுதல் கம்பிவரை போயிருந்தால் துருவிலிருந்து கம்பிக்குப் பாதுகாப்பில்லை.

சிவக்காதே, சிவக்காதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். தொழில் தெரிந்த எந்த என்ஜினீயரும் ஒரு தூணிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். தோல் ஓரம் மட்டும் வெளிறி நிற்க, உள்ளே முழுக்கச் சிவந்தது.

“இன்னொண்ணு பாருங்க,” என்றாள்.

இன்னொன்றும் சிவந்தது. அதற்கடுத்ததும்.

“எத்தனை பார்த்தாலும் இப்படித்தாங்க இருக்கும்,” என்றார் அவர். “ஒரு பொந்து கிடையாது. யாரோ பக்கத்துலயே நின்னு, தட்டித் தட்டிப் பார்த்து வார்த்திருக்காங்க.”

அப்போது மேல் தளத்திலிருந்து கேட்டது. டொக் டொக். டொக்.

“மேல யாரு?”

“மேல போற வழியையே அடைச்சு வச்சிருக்காங்களே. புறாவா இருக்கும்.”

புறா அப்படித் தட்டாது. இத்தனை வருஷமாகப் பார்க்கத் துணியாத இடத்துக்கு அவள் நடந்தாள். முகப்பில், விழுந்த உத்தரத்தின் பாதி குப்பைக்குள் சாய்ந்து கிடந்தது. அதன் முனையில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கணக்குப்படி அந்த உத்தரத்துக்கு ஐந்து போதும். எண்ணினாள். திரும்பவும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆறு இருந்தது.

ஒரு கம்பியும் அறுபட்டிருக்கவில்லை. வெண்ணெயில் சொருகிய கத்தியை உருவியது போல, கான்கிரீட்டை விட்டுச் சுத்தமாக உருவிக்கொண்டு வந்திருந்தன. பச்சைக் கான்கிரீட் இறுகிக் கம்பியைப் பிடிக்கும் முன்பே, அடியில் தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றியிருக்கிறார்கள். முட்டுகளை வேறு வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அன்றே ஊர் பேசியது. அவள் காதில்தான் ஏறவில்லை. ஆறு என்ன, அறுபது போட்டிருந்தாலும் விழுந்திருக்கும். அவனுக்காக என்று அவள் ஊரெல்லாம் புதைத்த கம்பிகளில் ஒன்றுகூட அவனைக் காப்பாற்றியிருக்காது. துருவைப் பிடித்துக்கொண்டே அவள் அழுதாள். சோதனைக்காரர் நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்தக் கட்டடம் நிக்கும். இடிக்கச் சொல்ல முடியாது.”

“வாக்கு குடுத்தியேடி.”

“அந்தத் தூணெல்லாம் அவன் பக்கத்துல நின்னு வார்த்தது. கட்டடம் ஒரு தப்பும் பண்ணல. முட்டுகளைச் சீக்கிரம் கழட்டிட்டாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு நாமதான் அதைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கோம்.”

“கழட்டச் சொன்ன காண்ட்ராக்டரும் செத்துட்டான். நான் வேற யாரைத் திட்டறது?” அம்மா மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். “அவன் எப்படி வெளிய வருவான், சொல்லு.”

அம்மா அதன் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விழுந்த முகப்புக்குப் பதிலாகப் புது உத்தரத்தையும் அவளே வரைந்தாள். ஐந்து என்று எழுதியதும் மேசை தட்டியது.

“அங்க ஆறு இருந்துதுடா தம்பி,” என்றாள் மெல்ல.

மறுபடி தட்டியது. பேனாவை எடுத்துப் படத்தின் ஓரத்தில் பெரிதாக எழுதினாள்: ‘கான்கிரீட் இறுகியதைச் சோதித்து, நான் நேரில் வந்து பார்த்துச் சொல்லும்வரை முட்டுகளில் ஒன்றையும் தொடக் கூடாது.’ தட்டும் சத்தம் நின்றது.

கஞ்சன் படத்தை வாங்கிப் பார்த்தான். “அஞ்சுதானா? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஓரத்தில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்துவிட்டு, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அவன் போன பிறகு மேசையைத் தானே தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை. தொந்தரவு என்று நினைத்திருந்த சத்தம் போனதும், தம்பியை இரண்டாம் முறை பறிகொடுத்தது போலிருந்தது.

முட்டு கழற்றும் நாளன்று அம்மா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “நானும் வர்றேன்” என்றாள். கஞ்சன் காரில் கூட்டிப்போனான். சோதனை முடிந்து அவள் தலையசைத்ததும், நடுவிலிருந்து தொடங்கி ஓரம்வரை முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். கடைசி முட்டும் கழன்றது. உத்தரம், கணக்கு சொன்னபடி மயிரிழை தாழ்ந்து, நின்றது. ஐந்து கம்பியோடு நின்றது.

யாரும் போகும் முன் அம்மா அதற்கு அடியில் போய் நின்றாள். பழைய தூணைத் தடவிக் கொடுத்தாள். பிறகு விரலை மடக்கித் தட்டினாள். டொக் டொக். டொக்.

“வேலை முடிஞ்சுதுப்பா,” என்றாள். “வா, வீட்டுக்குப் போலாம்.”

திரும்பும்போது காரின் பின்சீட்டில் அம்மா ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். மகள் வந்து பக்கத்தில் உட்காரவும் அம்மா அவள் தோளை மெல்லத் தள்ளினாள்.

“அந்த ஓரம் போடி. நடுவுல இடம் வேணும்.”

அவள் ஜன்னலை ஒட்டித் தள்ளி உட்கார்ந்தாள்.