தூண்டில் கடைக்காரர் சொன்ன குறை

கிரீஸில் கவாலா துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவில் பரீசிஸ் தூண்டில் கடை வைத்திருக்கிறான். முள், நரம்பு, உயிருள்ள புழு எல்லாம் கிடைக்கும். கூடவே அவனுடைய கருத்துகளும் கிடைக்கும். அவற்றுக்கு மட்டும் காசு வாங்கமாட்டான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஏதென்ஸிலிருந்து மிர்சினி என்றொரு பெண் வந்து இறங்கினாள். சிறு கடைக்காரர்கள் காசை எப்படி வாங்குகிறார்கள், வங்கியிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்து வரும்படி, எங்கள் தெருக் கடைக்காரர்கள் நாங்கள் எல்லோரும் கணக்கு வைத்திருக்கும் வங்கிதான் அவளை அனுப்பியிருந்தது. பேட்டி கொடுத்தால் சூப்பர் மார்க்கெட் கூப்பன் உண்டு என்றும் சொல்லியிருந்தார்கள்.

முதலில் மாட்டியவன் பரீசிஸ்.

"ஒருத்தர் உங்ககிட்ட புழு வாங்குறார். அப்புறம் என்ன நடக்குது சார்?"

"கார்டை மெஷின்ல காட்டுவார். காசு அன்னிக்கே கணக்குல விழும்."

"அப்போ உங்க மனசுல என்ன தோணும்?"

"காசு வந்துருச்சுன்னு தோணும்."

"அதுல ஏதாவது வலி?"

"முதுகு வலி இருக்கு. அதுக்கு வங்கி என்னம்மா பண்ணும்?"

அவள் மடிக்கணினியை மூடிவிட்டாள். கூப்பன் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஆழமான பேட்டிக்குத்தான் சார் அது" என்று சிரித்தபடி அடுத்த கடைக்குள் நுழைந்தாள்.

அது அந்தூலாவின் சலவைக் கடை. அந்தூலா கெட்டிக்காரி. எந்தக் காசு வாடகைக்கு, எந்தக் காசு வரிக்கு என்று பிரிக்கத் தெரியாமல் ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை என்று அழுதாள். அவளுடைய தூக்கத்தைக் கெடுப்பது புருஷனின் குறட்டை என்பது தெருவுக்கே தெரியும். ஒரு மணி நேரம் அழுதுவிட்டுக் கூப்பனோடு நேராகப் பரீசிஸின் கடைக்கு வந்து நின்றாள்.

"நல்ல ஆலிவ் எண்ணெயா வாங்கலாம்னு இருக்கேன். உனக்கு எவ்வளவுக்குக் குடுத்தாங்க?"

பரீசிஸுக்கு வயிறு எரிந்தது. மிர்சினியைத் தேடி ஓடினான். அவள் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எனக்கும் ஒரு குறை இருக்கு."

"சொல்லுங்க சார்."

என்ன குறை என்று அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. கடலைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான்.

"காசு வந்து… ரொம்ப சீக்கிரம் வந்துருதும்மா. வந்தா கையில நிக்கறதில்ல, செலவாயிடுது. ஒரு வாரம் வங்கியே பிடிச்சு வெச்சிருந்து குடுத்தா எவ்வளவு நிம்மதி!"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டாள். போட்டோ எடுக்கலாமா என்றாள். அவன் மீசையைச் சீவிக்கொண்டு, படத்தை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். கூப்பனும் கைக்கு வந்தது.

"இந்தக் குறை மத்தவங்களுக்கும் இருக்குமா சார்?"

"தெருவுக்கே இருக்கு!"

சொன்னதோடு நிற்காமல் சாயங்காலமே வந்து எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தான். மறுநாள் தெருவே சேர்ந்து காசு சீக்கிரம் வந்துவிடுகிறதே என்று புலம்பியது. ரொட்டிக் கடைக்காரன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்குக் கிடைத்த கூப்பனில் நான் பாலாடைக்கட்டி வாங்கினேன், நன்றாகவே இருந்தது.

இலையுதிர் காலத்தில் வங்கி 'நிம்மதிக் கணக்கு' என்று ஒன்றை அறிவித்தது. யாரையும் கேட்காமல் எல்லாக் கடைகளையும் அதில் சேர்த்தும் விட்டது. கார்டில் வரும் காசு ஒரு வாரம் வங்கியிலேயே இருக்கும். பத்திரமாக வைத்திருப்பதற்கு மாதாமாதம் கட்டணம். அன்றைக்கே காசு வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய கட்டணம். கிளையின் கண்ணாடியில் ஆள் உயரத்துக்குப் பரீசிஸின் படம். அதன் கீழே, "நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம்."

அந்த வாரமே புழு கொண்டுவருகிற தொதோரிஸ் பெட்டிகளோடு வந்தான்.

"காசு அடுத்த வாரம் வரும்யா, வெச்சிட்டுப் போ."

"அப்போ புழுவும் அடுத்த வாரம் வரும்" என்று பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

பரீசிஸ் வங்கிக்குப் போன் போட்டுக் கத்தினான். மறுமுனையில் ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

"உங்களை மாதிரி வாடிக்கையாளர்கள் ஆசைப்பட்டுக் கேட்டதுதான் சார் இது."

"என்னை மாதிரி இல்லம்மா, நானேதான்!"

"ரொம்ப நன்றி சார்" என்று அவள் வைத்துவிட்டாள்.

தெருவில் அவனால் தலைகாட்ட முடியவில்லை. ரொட்டிக் கடைக்காரன் அவனுக்கு மட்டும் முந்தின நாள் ரொட்டியைக் கொடுத்தான். "உன் மூஞ்சிய வேற கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கானுங்க. போகும்போதும் வரும்போதும் கும்பிடணுமா?" என்று அந்தூலா கேட்டாள். நாங்களும் அதையேதான் சொன்னோம் என்பதை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் அவன் மனைவி ஃபனி கடையைப் பூட்டி, அவனை வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கவுன்டரில் இருந்த பையன், "இந்தக் கணக்குல உங்களுக்கு என்ன சார் குறை?" என்றான். பரீசிஸ் மூச்சை இழுத்தான்.

"நீ வாயத் தொறந்த, அவ்வளவுதான்" என்றாள் ஃபனி.

பெரிய கட்டணத்துக்கு அவளே கையெழுத்துப் போட்டாள். இப்போது காசு முன்பு போலவே அன்றைக்கே வந்துவிடுகிறது. முன்பு சும்மா வந்ததற்கு இப்போது மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் நாங்களும் ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

அன்று அவர்கள் வெளியே வரும்போது காவலாளி கண்ணாடியையும் பரீசிஸையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார், இது நீங்கதானே?"

"இவருதான்" என்றாள் ஃபனி. "பிடிச்சிருந்தா நீங்களே வெச்சுக்குங்க."

திரும்பிப் பார்க்காமல் துறைமுகத்தைப் பார்த்து நடந்தாள்.