மாடிக்கு வந்துபோகும் ஆள்

யாரோ தன் வீட்டுக்குள் வந்து போகிறார்கள் என்ற எண்ணம் தனுஜாவுக்கு ஒரு தலையணையில்தான் ஆரம்பித்தது. காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் அதைக் கட்டிலின் கால்மாட்டில் வீசிவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தலைமாட்டில், உறை சுருக்கமில்லாமல், நேராக இருந்தது.

தானே எடுத்து வைத்துவிட்டு மறந்திருக்கலாம் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு வருஷமாக வேலை செய்பவள். உருப்பெருக்கியின் கீழே மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் அவள் பிழைப்பு. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அடுத்த வாரம் காற்றாடியின் வேகக் குமிழ் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருந்தது. இன்னொரு நாள், கதவைத் திறந்ததும் கோடாலித் தைல வாசம். அவள் தைலமே பூசுவதில்லை.

சந்தேகம் நேராகக் கீழ்வீட்டுக்காரர் மேல் போய் நின்றதில் ஆச்சரியமில்லை. ஜெலுத்தோங்கில் இருந்த அந்த மாடி வீட்டுக்கு உரிமையாளர் திருநாவுக்கரசு. பாதுகாவலர்களுக்கு மேற்பார்வையாளராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பார்வை போகவில்லை. வாசலில் கேமரா மாட்டியிருந்தார். அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டேதான் காப்பி குடிப்பார். தனுஜாவுக்கு வரும் பார்சலை வாங்கி வைத்து, கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். "செருப்பா? போன மாசந்தானே வாங்கின?" என்பார்.

குடிவந்த முதல் மாதத்தில் ஒருநாள் அவள் தலை துவட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தபோது, கூடத்துச் சோபாவில் அவர் உட்கார்ந்திருந்தார். பைப் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தாராம். தன் சாவியால் திறந்து வந்தாராம்.

"சொல்லிட்டு வரக்கூடாதா அங்கிள்?"

"என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு யாருகிட்ட சொல்லணும்?" என்று சிரித்தார்.

அன்றைக்கே அவள் வாசல் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஆனால் தாழ்ப்பாள் வீட்டில் இருக்கும்போதுதான் உதவும். வேலைக்குப் போன பிறகு? இருக்கிற வாசல் போதாதென்று, கீழ்வீட்டுச் சமையலறையிலிருந்து மாடிக்கு ஏறும் பின்படி ஒன்றும் இருந்தது. அதன் மேல்முனையில் ஒரு பழைய கதவு. அதன் சாவி தொலைந்து பல வருஷமாகிறது என்று குடிவரும்போதே அவர் சொல்லியிருந்தார். அப்போது அதை நம்பினாள்.

தைல வாசம் வந்த மறுநாள் அவரிடமே கேட்டாள். "அங்கிள், நான் இல்லாதப்ப மேல வர்றீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "எனக்கு வேற வேலை இல்லயா? நான் ஏன்மா வரணும்?" பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரோ வர்றாங்கன்னா, நீ யாருக்கோ சாவி கொடுத்திருக்க. யாருக்குக் கொடுத்த?" என்றார்.

கேள்வி கேட்கப் போனவள் பதில் சொல்ல வேண்டியவளாகத் திரும்பி வந்தாள். அவருக்குப் பின்னால் அவர் மனைவி வள்ளியம்மா நின்றிருந்தார், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி. ஒரு வருஷத்தில் அவர் தனுஜாவிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?" என்றால்கூட, "அவ நல்லாத்தான் இருக்கா" என்று பதில் கணவரிடமிருந்துதான் வரும்.

மறுநாள் தனுஜா இரண்டு கதவுகளின் இடுக்கிலும் ஒளிபுகும் ஒட்டுநாடாவைத் துணுக்குத் துணுக்காக ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் வாசல் கதவின் துணுக்கு அப்படியே இருந்தது. பின்படிக் கதவின் துணுக்கு இரண்டாகக் கிழிந்திருந்தது.

அவள் சமையலறையில் நின்று, கிழிந்த துணுக்கை விரல்நுனியில் எடுத்துப் பார்த்தாள். அப்படியென்றால் சாவி தொலையவில்லை. அந்த மனுஷன் கீழிருந்து ஏறி வந்து, தன் கட்டிலருகே நின்று, தலையணையைத் தொட்டு... மேலே நினைக்க முடியவில்லை. அலமாரித் துணியையெல்லாம் அள்ளி மறுபடி துவைத்தாள்.

"போலீஸ்ல போயி சொல்லப்போறேன்" என்றாள், மறுநாள் உடன் வேலை பார்க்கும் ஹன்னாவிடம்.

"என்ன சொல்லுவ? தலகாணி நகந்துச்சுன்னா? சிரிப்பாங்க லா. முதல்ல ஒரு கேமரா வாங்கு. ஆளப் புடி. அப்புறம் போ."

விரல் நீளத்தில் ஒரு கேமராவை வாங்கி, அலமாரி மேல் டிஷ்யூ பெட்டிக்குப் பின்னால், பின்படிக் கதவைப் பார்த்தபடி வைத்தாள். யாராவது அசைந்தால் கைப்பேசிக்குச் செய்தி வரும். மூன்று வேலை நாள் வரவில்லை. தெரிந்துகொண்டாரோ என்று பயந்தாள். வியாழக்கிழமை, கேண்டீனில் மீகோரெங் நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது.

திரையில் பின்படிக் கதவு திறந்தது. உள்ளே வந்தது வள்ளியம்மா.

கதவை உட்புறமாகப் பூட்டிவிட்டுக் காற்றாடியைச் சத்தம் வராத அளவுக்கு மெதுவாகப் போட்டார். அறையிலிருந்து தலையணையை எடுத்துவந்து தரையில் வைத்து, அதில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். சற்று நேரம் எதுவுமே செய்யவில்லை. பிறகு எழுந்துபோய் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சின்னக் கைப்பேசியை எடுத்தார்.

"சாந்தினி? அம்மாதான் பேசுறேன். அவரு கிளினிக்குக்குப் போயிருக்காரு, ஒரு மணி நேரம் இருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?... இல்லம்மா, என் போன்ல பேச முடியாது. தினம் வாங்கிப் பாக்குறாரு... பாப்பா கிட்ட கொடு. சத்தம் மட்டும் கேக்குறேன்."

தனுஜா படக்கென்று திரையை அணைத்தாள்.

"யாரு, அவருதானே?" என்று ஹன்னா எட்டிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள் தனுஜா. அதற்கு மேல் அவளிடமும் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் சந்தேகம் அவ்வளவு சுலபமாக விடுகிற சமாச்சாரமா? தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அது உருமாறிக்கொண்டே வந்தது. அவரே மனைவியை அனுப்பியிருந்தால்? அந்தப் பேச்சு நடிப்பாக இருந்தால்? வீட்டுக்கு வந்ததும் இயந்திரத்துக்குப் பின்னால் துழாவிக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு எண்தான் பதிந்திருந்தது. ஒரே ஒரு படம்: பல் முளைக்காத குழந்தை, வாயில் கட்டைவிரல். தனுஜாவுக்கு உடம்பு கூசியது. பையில் அதே மாதிரி சுற்றி, அதே இடத்தில் வைத்தாள். கேமராவைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள்.

சனிக்கிழமை காலை வாசல் கதவு தட்டப்பட்டது. திருநாவுக்கரசு நின்றார். மாடிப்படியின் அடியில், கைப்பிடியைப் பிடித்தபடி வள்ளியம்மா.

"வியாழக்கிழமை நான் சீக்கிரம் வந்துட்டேன். வாசல்ல கால் வைக்கிறப்பவே மேல ஏதோ நகர்ற சத்தம் கேட்டுச்சு. உன் காடி ஏழு அஞ்சுக்கே போயிருச்சு, கேமராவுல இருக்கு. உள்ள யாரு?"

தனுஜா படியின் அடியைப் பார்த்தாள். வள்ளியம்மாவின் உதடு வெளுத்திருந்தது.

"என் கூட வேலை செய்யிற பொண்ணு. துணி துவைக்க வந்தா."

"வாசல் வழியா யாரும் வரலியே?"

"அப்ப உங்க கேமரா சரியில்ல அங்கிள்."

அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். அவள் கதவை விடவில்லை. தோளைக் கொடுத்து நின்றாள். "இன்னிக்கு உள்ள வர வேணாம். பாக்கணும்னா முதல்லயே சொல்லுங்க, ஒரு நாள் சொல்றேன்."

இப்படி யாரும் அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. வைத்த காலை எடுத்துக்கொண்டார். "மாசக் கடைசியில காலி பண்ணிரு" என்றார். "நாளைக்கு ஆள் வருது. அந்தப் பின்படிக் கதவ ஆணி அடிச்சு மூடப்போறேன். அப்புறம் பாக்குறேன், யாரு எப்படி வர்றான்னு."

மத்தியானம் அவர் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த நேரத்தில், பின்படிக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. இத்தனை நாளும் தட்டாமல் வந்தவர் அன்றுதான் தட்டினார். உள்ளே வந்ததும், "மன்னிச்சிரும்மா" என்றார். "எனக்காகப் பொய் சொன்ன. உனக்கு எப்படித் தெரியும்?"

"கேமரா வெச்சேன் ஆன்ட்டி. அங்கிள்னு நெனச்சேன்."

வள்ளியம்மா இரண்டடி பின்னால் போனார். "நீயும் பாத்தியா?"

அந்த 'நீயும்' தனுஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "ஒரு நிமிஷந்தான். அணைச்சிட்டேன். இப்ப கேமரா இல்ல. வேணும்னா காட்டுறேன்." இழுப்பறையைத் திறந்து காட்டினாள். வள்ளியம்மா குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவருக்கும் யாரையும் எளிதில் நம்பிப் பழக்கமில்லை.

மகள் சாந்தினி தானே பார்த்து கிஷன் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாளாம். அதிலிருந்து இந்த வீட்டில் அவள் பெயரை எடுக்கக்கூடாது. பேரப்பிள்ளை பிறந்து ஏழு மாசமாகிறது. இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. பின்படிச் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார். "வேற எங்கம்மா போவேன்? கீழ கக்கூசுல இருந்தாலும், ஏன் இவ்வளவு நேரம்னு கேப்பாரு. போனக் கொடு. நாளையிலேர்ந்து இங்க வர முடியாது."

தனுஜா பையை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. "சாந்தினி எங்க இருக்காங்க?"

"கெப்பாலா பத்தாஸ்."

"என் காடியில முக்கா மணி நேரம் ஆன்ட்டி. நாளைக்கு ஆணி அடிக்க ஆள் வர்றப்ப நான் கீழ காடியிலதான் இருப்பேன்."

வள்ளியம்மா பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாரோ என்று தனுஜா அன்று முழுக்கக் கீழ்வீட்டுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தச்சன் வந்தான். திருநாவுக்கரசு அவனோடு பின்படியில் ஏறி, ஒவ்வோர் ஆணிக்கும் இடம் காட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் வீட்டையே அதிரவைத்தது. தனுஜா தன் காரில் உட்கார்ந்து காத்திருந்தாள். பத்து நிமிஷம் பார்க்கலாம், வராவிட்டால் பசாருக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டாள். எட்டாவது நிமிஷம் வள்ளியம்மா ஒரு காய்கறிப் பையோடு வாசல் வழியாக வந்தார். கேமராவுக்குக் கீழேதான் நடந்து வந்தார். பைக்குள் இரண்டு சேலையும் மருந்து மாத்திரையும் இருந்தன.

கடல் பாலத்தில் ஏறிய பிறகும் தனுஜா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளை வேன் விடாமல் பின்னாலேயே வந்தது. அக்கரையில் பிறை என்ற ஊரைத் தாண்டியும் வந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள், அதுவும் குறைத்தது. பட்டர்வொர்த் திருப்பத்தில் அது தன்பாட்டுக்கு வளைந்து போனபோதுதான் மூச்சு விட்டாள். அப்போது அவள் கைப்பேசி அடித்தது. திருநாவுக்கரசுதான். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை.

"கொடு" என்றார் வள்ளியம்மா.

"நான்தான். குழம்பு அடுப்புல இருக்கு... பிள்ளையப் பாக்கப் போறேன்... யாரும் கூட்டிட்டுப் போகல, நானாத்தான் போறேன்... தெரியல. எப்ப வருவேன்னு தெரியல." எதிர்முனை கத்திக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார். அதை எப்படி அணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாந்தினி வாசலிலேயே நின்றிருந்தாள். குழந்தை பாட்டியைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. வள்ளியம்மா அதை வாங்காமல், சற்றுத் தள்ளி நின்று, அழுது முடிக்கட்டும் என்று சிரித்தபடி காத்திருந்தார்.

மாசக் கடைசியில் தனுஜா குளுகோரில் ஓர் அடுக்குமாடிக்கு மாறினாள். சாமான் ஏற்றும்போது திருநாவுக்கரசு வாசலில் நின்றார். சட்டை கசங்கியிருந்தது. வள்ளியம்மா இன்னும் திரும்பி வரவில்லை.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்றார்.

வருத்தமா, உளவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "அவங்களையே கேளுங்க அங்கிள்."

"கேட்டேன். போன எடுக்குறா. சாப்பிட்டீங்களான்னு கேக்குறா. எப்ப வர்றன்னு கேட்டா, பிள்ளை அழுவுதுன்னு வெச்சிடுறா."

அவள் கடைசிப் பெட்டியைத் தூக்கினாள். எடை தாங்காமல் சாய்ந்ததை அவர் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாகத் தூக்கிப்போய் லாரியில் வைத்தார்கள். வைத்த கையோடு அவர் பெட்டியின் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்ன?"

"என் சாமான்" என்று சொல்லி, தனுஜா மூடியை அழுத்தி மூடினாள்.